நீச்சல் குளத்தில் திரும்பத் திரும்பத் தோன்றும் கறைகள்: காரணத்தைக் கண்டறிதலும் அகற்றுதலும்

வீட்டு நீச்சல் குளத்தின் தரையிலோ சுவரிலோ படிந்த கறையைப் பணமும் உழைப்பும் செலவிட்டு அகற்றிய பின்னரும், சில வாரங்களில் அதே கறை அதே நிறத்தில் மீண்டும் தோன்றுவதுண்டு. அத்தகைய வேளையில் கடையில் கிடைக்கும் இரசாயனப் பொருட்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குளத்தில் இடுவது வழக்கமாகிவிடுகிறது. குளத்தை முழுவதுமாக வெறுமையாக்கி அமிலத்தால் கழுவுமாறும், மேற்பரப்பு முழுவதையும் புதிதாகப் பூசுமாறும் ஆலோசனை கூறப்படுவதும் உண்டு. இவை பல்லாயிரம் டொலர் செலவை உண்டாக்கக்கூடியவை. காரணம் அறியாது செய்யப்பட்டால், அதன் பின்னரும் கறை திரும்பும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்போரும், குளமுள்ள வீட்டில் வாடகைக்குக் குடியிருப்போரும் கறையின் காரணத்தைத் தாமே கண்டறிவதற்கும், பாதுகாப்பாக அகற்றுவதற்கும், எந்நிலையில் உரிமம் பெற்ற தொழிலாளரை நாடவேண்டும் என முடிவு செய்வதற்கும் இக்கட்டுரை துணைபுரியும்.

கறை ஏன் திரும்புகிறது?

கறைகள் இரு பெரும் வகையின. முதலாவது வகை இலை, பூ, பாசி முதலிய உயிர்ப்பொருட்களால் உண்டாவது. இரண்டாவது வகை நீரில் கரைந்துள்ள இரும்பு, செம்பு, மாங்கனீசு ஆகிய உலோகங்களாலும் சுண்ணாம்பாலும் உண்டாவது.

முதல் வகைக் கறையைக் குளோரின் வெளுக்கச் செய்யும். உலோகக் கறையோ இதற்கு நேர்மாறானது. நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் இரும்பு, குளோரினோடு சேர்ந்ததும் துருவாக மாறிச் சுவரில் படிகிறது. எனவே உலோகக் கறையை நீக்கும் எண்ணத்துடன் மிகுதியான குளோரினை இடுபவர், அறியாமலே கறையை வளர்க்கிறார்.

கறை திரும்புவதற்கான மூலகாரணமும் இதிலேயே அடங்கியுள்ளது. பித்தளை விளக்கைப் புளியிட்டுத் துலக்கும்போது களிம்பு புளிநீரில் கரைகிறது. அந்நீரை நாம் கொட்டிவிடுகிறோம். நீச்சல் குளத்தில் கறை நீக்கும் அமிலத்தை இடும்போதும் உலோகம் கரைகிறது. ஆனால் அந்நீரைக் கொட்டுவதில்லை. கரைந்த உலோகம் குளத்திலேயே தங்கியிருந்து, குளோரின் அளவு உயர்ந்ததும் மீண்டும் படிகிறது. ஆகவே, சுவரிலுள்ள கறையை நீருக்குள் கொண்டுவருவது பாதி வேலையே. நீரிலிருந்து உலோகத்தை வெளியேற்றுவதும், அது வந்துசேரும் வழியை அடைப்பதும் மீதி வேலை.

முதற்படி: இடமும் வடிவமும்

எதையும் வாங்குவதற்கு முன்னர் குளத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்து, கறையுள்ள இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்தையும் திகதியுடன் ஒளிப்படம் எடுத்து வையுங்கள். இப்பதிவு காரணத்தை அறிய உதவுவதோடு, பின்னர் பிணக்கு ஏதும் எழுந்தால் சான்றாகவும் பயன்படும்.

• இலையின் அல்லது பூவின் உருவத்திலேயே பழுப்புக் கறை இருப்பின், அது தாவரக் கறையாகும். யூக்கலிப்டஸ் இலைகளும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் உதிரும் ஜக்கரண்டாப் பூக்களும் சிட்னியில் இதற்குப் பெரும் காரணங்கள்.

• குளம் முழுவதும் பரவலாக மஞ்சள் அல்லது செம்பழுப்பு நிறம் படர்ந்திருப்பின், நீரில் இரும்பு கலந்துள்ளது எனக் கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்று நீரும், இரும்புச் சத்துச் சேர்த்த புல்தரை உரம் மழையில் கழுவப்பட்டுக் குளத்துள் வருவதும் இதற்கான வழிகள்.

• நீலப்பச்சை, சாம்பல் அல்லது கருநிறம் பரவியிருப்பின், செம்பைச் சந்தேகிக்கவேண்டும். பொன்னிற அல்லது நரைத்த முடியில் பச்சை நிறம் ஏறுவதும் செம்பின் அடையாளமே.

• கரும்பழுப்பு அல்லது ஊதா கலந்த கருநிறம் மாங்கனீசினாலும் உண்டாகும். இதுவும் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரினால் வருவது.

• ஓரிடத்தில் மட்டும், ஒரு புள்ளியிலிருந்து கசிந்து வழிந்ததுபோன்ற துருக்கறை, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் தோன்றினால், பொருள் அந்த இடத்திலேயே உள்ளது. அது நீரில் விழுந்த கொண்டை ஊசியாகவோ, ஏணியின் திருகாணியாகவோ, விளக்கின் சட்டமாகவோ இருக்கலாம். இவை எவையும் இல்லையெனில், கொங்கிறீற்றினுள் இருக்கும் வலுவூட்டும் இரும்புக் கம்பியாக இருக்கலாம். இது பற்றிப் பின்னர் விளக்கப்படும்.

• நிழல் விழும் சுவரில் மஞ்சட்தூள் தூவியதுபோல் படிந்து, தூரிகை பட்டதும் கலைந்து, மறுநாள் மீண்டும் படிவது மஞ்சட்பாசி. சற்றே மேலெழும்பிய, வழுவழுப்பான கரும்புள்ளிகள் கரும்பாசி.

• தொட்டால் சொரசொரப்பான வெள்ளை அல்லது சாம்பல் படிவு சுண்ணாம்பு.

• நீர்மட்டத்தை ஒட்டி வளையமாகப் படியும் பிசுக்கு, தலையில் தேய்த்த எண்ணெயும் வெயில் தடுப்புப் பூச்சும் சேர்ந்தது. நீராடுமுன் உடலைக் கழுவிக்கொள்வதும், சமையற் சோடாவை ஈரப் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பதும் இதற்குப் போதுமானவை.

இரண்டாம் படி: இரு எளிய சோதனைகள்

விற்றமின் சி சோதனை: வெறும் அஸ்கோபிக் அமிலத் தூளை, அதாவது தூய விற்றமின் சி தூளை, ஒரு பழைய காலுறையில் சிறிதளவு இட்டுக் கட்டி, கறையின்மீது ஓரிரு நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். அவ்விடம் தெளிவாக வெளுத்தால் கறை இரும்பினால் ஆனது. மிகச் சிறிதளவே மங்கினால் செம்பாக இருக்கலாம். அப்போது சித்திரிக் அமிலத்தால் அதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.

குளோரின் சோதனை: விற்றமின் சி பயனளிக்காவிடின், மறுநாள், வேறோர் இடத்தில், வேறொரு புதிய காலுறையில் சிறிதளவு குளோரின் துகள்களை இட்டு அவ்வாறே பிடியுங்கள். கறை வெளுத்தால் அது தாவரக் கறையோ பாசியோ ஆகும். வினைல் விரிப்பு, பைபர்கிளாஸ், நிறப்பூச்சு ஆகியவற்றின்மீது துகள் குளோரினை நேரடியாக வைக்கக்கூடாது. அது மேற்பரப்பின் நிறத்தையே போக்கிவிடும்.

இவ்விரு பொருட்களையும் ஒரே காலுறையிலோ, ஒரே வாளியிலோ, ஒரே கையுறையிலோ கையாளக்கூடாது. உலர்ந்த குளோரினும் அமிலத் தூளும் ஒன்றுசேர்ந்தால் கடும் வெப்பமும் நச்சுவாயுவும் உண்டாகும்.

நீர்ப் பரிசோதனை பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். விற்பனை நிலையத்தில் நீரைப் பரிசோதித்து, “உலோகம் இல்லை” என்ற முடிவு கிடைத்தால் அதனை முழுமையாக நம்பிவிடக்கூடாது. உலோகம் யாவும் சுவரில் படிந்திருக்கும்போது நீரில் அது தென்படாது. கறையைக் கரைத்த பின்னர் எடுக்கும் மாதிரியே உண்மை அளவைக் காட்டும். குளத்தை நிரப்பும் நீரையும் தனியே பரிசோதிப்பது நன்று.

மூன்றாம் படி: அகற்றுதல்

தாவரக் கறை: குளத்திலுள்ள குப்பைகளை முற்றாக நீக்கி, குளோரின் அளவைப் பொருளின் உறையில் உள்ள அறிவுறுத்தலின்படி உயர்த்தி, நாள்தோறும் தூரிகையால் தேய்த்தால் பெரும்பாலும் சில நாட்களில் மறையும். பாசிக்கும் இதே முறை பொருந்தும். ஆயினும் கரும்பாசி கொங்கிறீற்றின் நுண்துளைகளில் வேரூன்றியதுபோல் நிலைப்பதால், மேற்படலம் உடையும்வரை கடினமான தூரிகையால் தேய்த்தால்தான் குளோரின் உள்ளே செல்லும். உலோகக் கம்பித் தூரிகையை வினைலிலும் பைபர்கிளாசிலும் பயன்படுத்தக்கூடாது.

இரும்புக் கறை: பின்வரும் ஒழுங்கில் செய்யவேண்டும்.

1. குளோரின் இடுவதை நிறுத்துங்கள். உப்பு நீர்க் குளமாயின் குளோரினேட்டரை அணைத்துவிடுங்கள். குளோரின் அளவு ஏறத்தாழச் சுழியத்துக்கு இறங்கவேண்டும். இல்லையெனில் அது விற்றமின் சி-யை முதலில் அழித்துவிடும். இக்காலத்தில் பாசி வளராதிருக்கச் செம்பு கலவாத பாசிக்கொல்லியை இடலாம்.

2. அமில காரக் குறியீட்டை, அதாவது பி.எச். அளவை, 7.2 அளவில் வையுங்கள்.

3. 1,000 லீட்டர் நீருக்கு ஏறத்தாழ 12 கிராம் அஸ்கோபிக் அமிலம் தேவைப்படும். 50,000 லீட்டர் கொண்ட குளத்துக்கு இது 600 கிராம். முதலில் பாதியை இட்டு, நீரைச் சுழலவிட்டு, ஒரு மணி நேரத்தின் பின் பார்த்து, தேவையாயின் மீதியை இடுங்கள்.

4. கறை மறைந்ததும், உலோகத்தைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் உலோகக் கட்டுப்படுத்தியை இடுங்கள். இவ்வேளையில் நீர் மாதிரி எடுத்து இரும்பின் அளவைப் பரிசோதியுங்கள்.

5. குளோரினை ஒரே தடவையில் உயர்த்தாது, சிறிது சிறிதாகப் பல நாட்களில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த இரு வாரங்களுக்கு அதிர்ச்சி அளவிலான குளோரின் இடுதல் கூடாது.

குளோரின் உரிய அளவை அடையும்வரை குளத்தில் எவரும் நீராடக்கூடாது. கிருமிநீக்கம் இல்லாத நீர் தெளிவாகத் தோன்றினும் பாதுகாப்பானதன்று.

செம்புக் கறை: செம்பு வந்த வழியை முதலில் தேடவேண்டும். செம்பு கலந்த பாசிக்கொல்லி ஒரு வழி. எரிவாயு வெப்பமூட்டியின் செம்புக் குழாய் அரிக்கப்படுதல் மற்றொரு வழி. நீரின் பி.எச். நெடுநாள் 7.0-க்குக் கீழ் இருந்தால் இவ்வரிப்பு நிகழும். வெப்பமூட்டியிலிருந்து நீர் திரும்பிவரும் துவாரத்தைச் சுற்றிக் கறை அடர்த்தியாக இருப்பது இதற்கான அறிகுறி. இந்நிலையில் கறையை மட்டும் நீக்குவது வீண். வெப்பமூட்டி துளைபடுமுன் அதனைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

சுண்ணாம்புப் படிவு: உப்பு நீர்க் குளங்களில் பி.எச். இயல்பாகவே உயர்ந்துகொண்டிருப்பதால் இது அடிக்கடி நேர்கிறது. பி.எச். அளவைக் குறைத்துப் பேணிவந்தால் மெல்லிய படிவு காலப்போக்கில் கரையும். ஓட்டு விளிம்பிலுள்ள தடித்த படிவை அதற்கெனத் தயாரிக்கப்பட்ட மென்கல்லால் தேய்க்கலாம். பைபர்கிளாசிலும் வினைலிலும் இதனைச் செய்யக்கூடாது.

ஒரே புள்ளியில் திரும்பும் துரு: இதுவே மிகுந்த கவனத்துக்குரியது. கொங்கிறீற்றுக் குளத்தில் வலுவூட்டும் கம்பியின்மேல் போதிய தடிப்பில் கொங்கிறீற்று இல்லாதபோது நீர் கம்பியை அடைந்து துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிப்பதால் உள்ளிருந்து நெருக்கி, மேற்பரப்பை வெடிக்கச் செய்கிறது. விற்றமின் சி இக்கறையையும் வெளுக்கச் செய்யும். அதனால் “சோதனை வெற்றி” என எண்ணி ஏமாறுவது எளிது. வேறுபாட்டைக் காட்டுவது நீங்கள் வரைந்த படமே. மூன்று முறை நீக்கியும் அதே புள்ளியில் திரும்பினால் இரசாயனங்களை நிறுத்துங்கள். அவ்விடத்தை உடைத்து, கம்பியைத் துருவற்ற பகுதிவரை வெட்டி நீக்கி, நீர்புகாத கலவையால் அடைப்பதே நிலையான தீர்வு. கூழாங்கற் பூச்சுள்ள குளங்களில் இரும்புத்தாது கொண்ட ஒரு தனிக் கல்லும் இவ்வாறு கசியக்கூடும். அக்கல்லை மட்டும் பெயர்த்து எடுத்தால் போதும். எனவே முழுப் பூச்சையும் மாற்றச் சம்மதிக்குமுன், அவ்வொரு புள்ளியைத் திறந்து பார்க்குமாறு கேளுங்கள்.

மீண்டும் வராமல் காத்தல்

உலோகக் கட்டுப்படுத்தி உலோகத்தை வெளியேற்றுவதில்லை. பிடித்துவைக்க மட்டுமே செய்கிறது. குளோரினும் வெயிலும் அதனைச் சிதைப்பதால் உறையில் குறித்த கால இடைவெளியில் மீண்டும் இடவேண்டும். உலோகத்தை உண்மையாகக் குறைக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, நீரில் ஒரு பகுதியை மாற்றுதல்: உலோகமற்ற நீரால் மூன்றிலொரு பங்கை மாற்றினால் உலோகமும் மூன்றிலொரு பங்கு குறையும். மற்றொன்று, உலோகத்தை ஈர்க்கும் வடிகட்டிப் பொருளைப் பயன்படுத்துதல். ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்புவோர் குழாயின் முனையிலேயே முன்வடிகட்டி பொருத்துவது சிறந்தது. பி.எச். அளவை 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் பேணுங்கள். புல்தரைக்கு இரும்புச் சத்து உரம் இடும்போது குள விளிம்பிலிருந்து விலகி இடுங்கள்.

குளத்தை முழுவதுமாக வெறுமையாக்குவது ஆபத்தானது. நிலத்தடி நீரின் அழுத்தம் வெறுமையான குளத்தை மண்ணிலிருந்து மேலே தூக்கிவிடக்கூடும். பைபர்கிளாஸ் சுவர்கள் புடைக்கும். வினைல் விரிப்புச் சுருங்கும். தகுதியுள்ளவரின் ஆலோசனையின்றி இதனைச் செய்யாதீர்கள்.

பாதுகாப்பு

அமிலத்தையும் குளோரினையும் வெவ்வேறு இடங்களில், சிறுவர் கைக்கெட்டாதவாறு பூட்டி வையுங்கள். ஒருவகைக் குளோரினை மற்றொரு வகைக் குளோரினோடு கலத்தலும் தீயையும் வெடிப்பையும் உண்டாக்கும். அமிலத்தை எப்போதும் நீருக்குள் இடுங்கள்; அமிலத்துக்குள் நீரை ஊற்றாதீர்கள். கையுறையும் கண்காப்பும் அணியுங்கள். அருந்தும் பானங்களின் போத்தல்களில் இரசாயனத்தை ஊற்றி வைக்காதீர்கள்.

வேலை நடக்கும்போது வசதிக்காகக் குள வாயிலைக் கல் வைத்துத் திறந்து வைப்பது பலரிடம் காணப்படும் பழக்கம். அது சட்டத்துக்கு முரணானது. அதைவிட முக்கியமாக, சிறு குழந்தை நீரில் மூழ்குவதற்குச் சில நிமிடங்களே போதும். பொருட்களை எடுத்து வருவதற்காக நீங்கள் வீட்டுக்குள் செல்லும் அந்தச் சிறுபொழுதிலும் வாயில் மூடித் தாழிடப்பட்டிருக்கவேண்டும்.

சட்டக் கடமைகளும் உரிமைகளும்

குளத்து நீரையும் வடிகட்டியைக் கழுவிய நீரையும் வீதியோர மழைநீர் வடிகாலுக்குள் விடக்கூடாது. அவ்வடிகால் சுத்திகரிப்பின்றி ஓடைகளுக்குச் செல்கிறது. குளோரினும் செம்பும் மீன்களைக் கொல்லும். நீரை வெளியேற்றுமுன் கழிவுநீர்க் குழாயில் விடும் முறை குறித்து உங்கள் நீர் வழங்கல் நிறுவனத்திடமோ நகரசபையிடமோ கேட்டறியுங்கள்.

நியூ சவுத் வேல்ஸில் 5,000 டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள குடியிருப்புக் கட்டுமான வேலையை, குளத்தின் கட்டமைப்புத் திருத்தம் உட்பட, உரிமம் பெற்றவரே எழுத்துமூல ஒப்பந்தத்துடன் செய்யவேண்டும். கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: கறையின் காரணம் என எதனைக் கண்டறிந்தீர்கள்? எந்தச் சோதனையால்? கறை திரும்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதில்களை எழுத்தில் பெறுங்கள். அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி எந்தச் சேவையும் உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்படவேண்டும். புதிதாகக் கட்டிய குளமாயின், கட்டுநரின் சட்டபூர்வ உத்தரவாதங்களுக்குக் கால எல்லை உண்டு. எனவே குறை தென்பட்டவுடன் எழுத்துமூலம் அறிவியுங்கள்.

வாடகைக்குக் குடியிருப்போர், குடிபுகும் நாளில் நிரப்பும் நிலை அறிக்கையில் குளத்தின் கறைகளையும் பதிந்து, ஒளிப்படங்களை இணைத்துக்கொள்வது இன்றியமையாதது. குளத்தைச் சுத்தம் செய்வதும் இரசாயனம் இடுவதும் யாருடைய பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். முறையான பயன்பாட்டால் இயல்பாக நேரும் தேய்மானத்துக்கு வாடகையாளர் பொறுப்பாளியல்லர். கொங்கிறீற்றினுள் கம்பி துருப்பிடிப்பது குளத்தைச் சுத்தம் செய்யாததால் நேர்வதன்று. அக்காரணத்துக்காக வைப்புப் பணத்தைக் கழிக்க முற்பட்டால் நீங்கள் மறுக்கலாம். இணக்கம் ஏற்படாவிடின் மாநிலத்தின் குடிசார் மற்றும் நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கே நீங்கள் கேட்டுக்கொண்டால் மொழிபெயர்ப்பாளர் இலவசமாக ஏற்பாடு செய்யப்படுவார்.

உதவி பெற

இரசாயனத்தை விழுங்கினாலோ, ஆவியைச் சுவாசித்தாலோ, அது கண்ணில் பட்டாலோ நச்சுத் தகவல் நிலையத்தை 13 11 26 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே 000 எண்ணை அழையுங்கள்.

குளப் பதிவு, பாதுகாப்பு வேலி, நீர் வெளியேற்றம் ஆகியன குறித்து நகரசபையுடன் தமிழில் உரையாட விரும்புவோர், 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, “தமிழ்” எனக் கூறி, நகரசபையுடன் இணைக்குமாறு கேட்கலாம். அழைக்கும்போது நீங்கள் வரைந்த குளப் படத்தையும், இதுவரை இட்ட இரசாயனங்களின் பட்டியலையும் அருகில் வைத்திருங்கள். விடயத்தை விளக்குவதற்கு அவை பெரிதும் உதவும்.